பக்க அமைப்பும் வாசகர் சமூகமும்
ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த மாற்றம் பற்றிய ஒரு நோக்கு

தமிழ் அச்சு வரலாறு பற்றி இதுவரை வெளிவந்துள்ள எழுத்துக்களை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் இரு போக்குகளுள் ஒன்றைச் சார்ந்திருப்பதைக் காணலாம். ஒன்று, பதிப்பாசிரியரை நடுநாயகமாகக் கொள்வது. ஆறுமுக நாவலர் (1822–1879), சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஆகியோரின் தனிமனித முயற்சியாகவே அவ்வரலாறு விரித்துரைக்கப்படுகின்றது. மற்றையது, யந்திரத்தை நடுநாயகமாகக் கொள்வது. அச்சுப்பொறி வந்தது, அறிவு பரவிற்று என்னும் எளிய சூத்திரத்தில் இது நிறைவு காண்கின்றது. இவ்விரு போக்குகளும் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. ஆயின் இரண்டிலும் வாசகர் விடுபட்டுப் போகின்றனர். நேற்றுவரை ஓர் ஒழுங்கிற் படித்தவர் இன்று வேறோர் ஒழுங்கிற் படிக்க நேர்ந்தபோது என்ன செய்தார், எவர் அவருக்குக் கைகொடுத்தார் என்னும் வினா கேட்கப்படுவதேயில்லை. இக்கட்டுரையில் அவ்வினாவையே எடுத்துக்கொள்கிறோம். பக்கத்தின் அமைப்பு மாறும்பொழுது, அப்பக்கத்தைச் சூழ்ந்திருந்த மனிதர் ஒருவருக்கொருவர் துணைநின்ற முறையும் மாறுகின்றது என்பதே நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

1

முதலில் ஏட்டின் அமைப்பினை மனங்கொள்ளுதல் வேண்டும். ஓலையிலே சொற்களுக்கிடையில் இடைவெளி இல்லை. செய்யுளின் அடிகள் தனித்தனி வரியாக நிற்பதில்லை. ஓலையின் நீளம் முடியுமிடத்து வரி முடியும். மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எழுத்தாணியாற் குத்தினால் ஓலை பழுதுறும் என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேறுபாடு இல்லை. இன்று நாம் கையாளும் வேறுபாடு வீரமாமுனிவரின் (1680–1747) பெயரோடு இணைத்துப் பேசப்படுவதை அறிவோம். காலும் ரகரமும் ஒரே வடிவிலிருந்தன. எனவே ‘தெர’ என்று ஓலையிலே தோன்றுவது, இடத்துக்கேற்பத் ‘தேர்’ ஆகலாம், ‘தொ’ ஆகலாம், ‘தோ’வும் ஆகலாம்.

இத்தகைய ஓர் எழுத்துப் பரப்பைக் கண்ணால் மட்டும் படித்துவிட முடியாது. இலக்கண ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் எடுத்துக்காட்டு ஈண்டு நினைவுகூரத்தக்கது. தொடி என்பது ஒரு நிறையளவு. ஓரிடத்து நிறுத்தினால் அது பத்துத் தொடி செம்பொன். மற்றோரிடத்து நிறுத்தினால் ஒன்பது தொடி செம்பு. எழுத்தில் எவ்வித வேறுபாடும் இல்லை. பொன்னையும் செம்பையும் பிரித்துக்காட்டுவது குரலின் நிறுத்தம் ஒன்றே.

அந்நிறுத்தத்தை ஓலை சொல்லித்தராது. ஆசிரியரே சொல்லித்தருதல் வேண்டும். திண்ணைப் பள்ளியிலே ஆசிரியர் ஓதிக்காட்டினார். சட்டாம்பிள்ளை இளையோருக்கு ஓதுவித்தார். உடன் பயின்றோர் ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். ஏட்டிலே குறைவாக இருந்தவை யாவும் மனிதரிடத்தே நிறைந்திருந்தன. ஏட்டின் அமைப்பு, தன்னைப் படிக்க ஒரு கூட்டத்தை வேண்டிநின்ற அமைப்பு எனலாம்.

2

இக்கூட்டு வாசிப்பு யாழ்ப்பாணத்திலே புராணபடனமாக நிலைபெற்றிருந்தது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதனைப் பிரித்துப் பயன் சொல்ல, ஊரவர் சூழ்ந்திருந்து கேட்டனர். எழுத்தறியாதவரும் அங்கே கந்தபுராணத்தின் நுட்பங்களை அறிந்திருந்தனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டமைக்கு இதுவே அடிப்படை. நூல் அச்சேறிய பின்னரும் இம்முறை மறைந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கையிலிருந்த ஏடு அச்சுப் புத்தகமாக மாறியது; படிக்கும் முறையோ ஏட்டுக்கால முறையாகவே தொடர்ந்தது. பழைய வாசகர் சமூகம் புதிய அமைப்பைத் தன் பழைய வழக்கத்துள் வைத்தே முதலில் ஏற்றுக்கொண்டது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆயின் இதனை எண்ணி உருகுவதோடு நாம் நின்றுவிடலாகாது. துணைநின்ற அக்கூட்டத்தின் வாயில் எவருக்குத் திறந்திருந்தது? புராணபடனம் நிகழ்ந்தது கோயிலிலும் மடத்திலும். அவற்றுள் நுழையும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மறுக்கப்பட்டிருந்தது என்பதை 1968இல் மாவிட்டபுரத்தில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டம் உணர்த்தும். ஏட்டைப் படிக்கக் கூட்டம் வேண்டும்; கூட்டத்துட் சேரப் பிறப்பு வேண்டும். ஆதலால் பழைய அமைப்பின் ஒத்துழைப்பு, உள்ளிருந்தவர்க்கு ஊன்றுகோலாகவும் வெளியே நின்றவர்க்கு வேலியாகவும் ஒருங்கே இயங்கிற்று. இவ்விரட்டைத் தன்மையைக் காணத் தவறுவோர், பழைமையைப் போற்றினும் தூற்றினும் அதனை அரைகுறையாகவே அறிந்தவராவர்.

3

தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்க’த்தோடு தொடங்கிற்று எனினும், பக்க அமைப்பின் மாற்றம் பரந்த வாசகர் சமூகத்தைத் தொட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. செய்தித்தாளை ஓதி மனனஞ் செய்வார் இலர். கண்ணோட்டமாகப் படித்துச் செல்லும் புதிய பழக்கத்தைப் பத்திரிகை வேண்டிநின்றது.

இச்சூழலில் நாவலரின் பணியை மதிப்பிடுதல் வேண்டும். 1848இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலையும் அதனையடுத்து அச்சுக்கூடமும் நிறுவியவர் அவர். 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனமும், பாலபாடங்களும் புதிய பக்க அமைப்பொன்றை நிலைநாட்டின. கடின சந்தி தவிர்க்கப்பட்டது. சொற்கள் பிரிந்து நின்றன. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலாய குறியீடுகள் வாக்கியத்தின் உறுப்புகளைக் காட்டின. முன்னர் ஆசிரியர் குரலில் இருந்த நிறுத்தம் இப்பொழுது தாளிலே பொறிக்கப்பட்டது. நிறுத்தற்குறிகளை மேனாட்டு முறையின் தழுவல் என்று மட்டும் கூறி அமைவோர் இவ்வுண்மையைக் காண்பதில்லை. பயன் சொல்பவரின் பணியில் ஒரு பகுதியை அவை ஏற்றுக்கொண்டன என்பதே அவற்றின் சமூகப் பொருள்.

நாவலர் சாதியொழுங்கைக் கேள்விக்குட்படுத்தியவரல்லர். அவர் நோக்கம் சைவத்தைப் பேணுவது. எனினும் ஒரு வடிவம் அதனைச் செய்தவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. சொற்பிரித்து அச்சிட்ட புத்தகத்தை எவர் கைக்கொண்டாலும் அது வாய்திறந்து பேசும். படிப்பவரின் குலம் கேளாது. பாடசாலைகளின் கதவுகள் யாவர்க்கும் திறக்க நெடுங்காலம் சென்றது உண்மையே. ஆயினும் அக்கதவைத் தட்டியவர்களின் கையில் ஏற்கனவே தனித்துப் படிக்கத்தக்க ஒரு பக்கம் இருந்தது.

4

இம்மாற்றம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. செய்யுளைப் பொறுத்தவரையில் சிக்கல் மிகக் கூர்மையானது. பழைய செய்யுட் பதிப்புகள் பெரும்பாலும் சீரின் எல்லையில் இடைவெளி விட்டன. சீரின் எல்லையும் சொல்லின் எல்லையும் எப்பொழுதும் ஒன்றாக அமைவதில்லை. சீர்ப்படி பிரித்தால் ஓசை நிற்கும், பொருள் மறையும். சொற்படி பிரித்தால் பொருள் விளங்கும், யாப்புச் சிதையும். 1950களின் பிற்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டபோது, அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். சந்தி பிரித்தல் செய்யுளைக் கொல்வதாகும் என்னும் பண்டித வாதம் முற்றிலும் பொய்யன்று. ஓசையை இழந்த செய்யுள் ஏதோ ஒன்றை இழந்ததே. ஆயின் அவ்வாதத்தை முன்வைத்தோர், தாம் காக்க விரும்பிய ஓசையைப் புதிய வாசகருக்கு எவ்வாறு கற்பிப்பது என்னும் பொறுப்பை ஏற்றனரா? ஏற்காதவிடத்து, அவ்வாதம் செய்யுளைக் காப்பதினும் தம் இடத்தைக் காப்பதாகவே முடியும்.

மறுபுறம், மாற்றத்தை ஆணையாகப் பிறப்பித்துவிட்டு அமைதல் போதும் என்று கருதுவோரையும் நாம் ஏற்பதற்கில்லை. ‘குடி அரசு’ 1935இல் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துக்கள் ஒழுங்கான வடிவம் பெற்றன. கற்போர்க்குச் சுமை குறைந்தது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் எளிமை வந்தது. எனினும் முந்திய வடிவில் அச்சான நூல்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. பழைய நூலைக் கையிலெடுக்கும் புதிய மாணவருக்கு, ‘இஃது இன்ன எழுத்து’ என்று சுட்டிக்காட்டியவர் வீட்டு முதியவரோ, நூலகத்தில் அருகிருந்தவரோதாம். அரசாணை வடிவத்தை மாற்றிற்று. மாறியதைப் பழக்கமாக்கியவர்கள் பெயரற்ற இம்மனிதர்கள். வரலாறு அவர்களுக்கு ஒரு வரியேனும் ஒதுக்குதல் வேண்டும்.

5

நம் காலத்தில் அம்மாற்றம் மீண்டும் நிகழ்ந்துள்ளது. கணினித்திரை தமிழுக்குப் பழக்கமான ஆரம்ப ஆண்டுகளில் பாமினி முதலிய எழுத்துருக்கள் பல வழங்கின. ஓர் எழுத்துருவில் எழுதியதை, அதனைத் தம் கணினியில் நிறுவாதவர் திறந்தால் பொருளற்ற உரோம எழுத்துக் கோவையே தோன்றும். புள்ளியற்ற ஏட்டின் முன் நின்ற மாணவரின் நிலையே ஏறத்தாழ இதுவும். அவ்வேளையிலும் மனிதரே மனிதருக்குத் துணைநின்றனர். எழுத்துருவை நிறுவும் முறையை ஒருவர் மற்றவருக்கு எழுதி விளக்கினர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, மெய்ப்புப் பார்த்துப் பகிர்ந்தனர். திஸ்கிக் குறியேற்றத்தில் இருந்தவை பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பேணும் நோக்குடன் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டமோ அச்சுப் பக்கத்தை உள்ளபடியே படமாகவும் காத்துவருகின்றது. பழைய அமைப்பை அழிக்காது புதிய அமைப்புக்கு வழிவிடும் இம்முறை பெரிதும் போற்றத்தக்கது.

ஆயின் ஒரு வேறுபாட்டினைச் சுட்டாதிருத்தல் இயலாது. ஏட்டின் அமைப்பை எழுதுவோர் சமூகம் தலைமுறை தலைமுறையாக வகுத்தது. அச்சின் அமைப்பு அறிஞரிடையே வாதிக்கப்பட்டு உருவாயிற்று. இன்றைய திரையின் அமைப்பையோ பெரும்பாலும் அதனை நடத்தும் நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. நோயிலும் துயரிலும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் திரையிற் கூடுவோர், ஒரு காலையில் தம் கூடத்தின் தூண்கள் இடம்மாறி நிற்பதைக் காண்கின்றனர். விரைவாகப் பழகுவோர் பழகுகின்றனர். முதியோரும், பார்வை குன்றியோரும், தளர்ந்த மனத்தினரும் ஓசையின்றி விலகிச் செல்கின்றனர். விலகியவர் முறையிடுவதில்லையாதலின், அவ்விலகல் கணக்கிலும் ஏறுவதில்லை.

எனவே பக்க அமைப்பின் மாற்றம் எதனையும் இரு வினாக்களால் அளந்தறிதல் வேண்டும் என்பது எமது துணிபு. இதுவரை வெளியே நின்ற எவரை அது உள்ளே அழைத்தது? இதுவரை உள்ளே இருந்த எவரைக் கைப்பிடித்து அடுத்த கரைக்குக் கொண்டுசென்றது? முதல் வினாவைக் கேளாதார் பழைமைவாதிகளாவர். இரண்டாவது வினாவைக் கேளாதார், தம்மை முற்போக்காளர் என்று அழைத்துக்கொள்ளினும், மனிதரை மறந்தவராவர். பொன்னையும் செம்பையும் பிரித்தறிய ஒருகாலத்தில் அருகிருந்தவரின் குரல் வேண்டியிருந்தது. குறியீடுகள் அக்குரலின் இடத்தை ஓரளவு நிரப்பின. ஒவ்வொரு மாற்றத்தின் வாயிலிலும் அக்குரலின் தேவை மீண்டும் எழுகின்றது. அவ்வேளையில் அருகிருந்து சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு கற்றோராகிய நம் ஒவ்வொருவரையும் சாரும்.