அளந்தது எங்கிருந்து?

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே இரண்டு வகை அளவைகள் ஒரே தோப்பில் சந்திக்கின்றன. இன்று சாலையின் போக்கைப் பொறியாளர்கள் வரைவது செயற்கைக்கோள் தரும் ஆயத்தொலைவுகளில். நிலம் எடுக்கும் அறிவிக்கையோ சர்வே எண், உட்பிரிவு என்றுதான் பேசும். எத்தனை தென்னை சாலைக்குள் போகிறது, எத்தனை தப்புகிறது என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டையும் ஒட்டவைக்கிற வேலை. ஒட்டுவது எப்படி, பொருந்தாவிட்டால் எது வெல்லும் என்பதற்கு நம் நில அளவைச் சட்டத்தில் விடை கிடையாது.

அந்தச் சட்டம் 1923-ம் ஆண்டினுடையது. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் என்று பெயர். எல்லையை அளவை அலுவலர் நிர்ணயிக்கிறார். தகராறு இருந்தால் இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்கிறார். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. எல்லாம் முடிந்து 13-ம் பிரிவின்படி அறிவிக்கை வெளியானால், உரிமையியல் நீதிமன்றம் மாற்றாத வரை அந்தப் பதிவே முடிவான சான்று. எல்லையில் நட்ட கல்லைக் காப்பது நில உடைமையாளரின் கடமை. இத்தனையும் சொல்கிற சட்டம், பூமியின் வடிவத்துக்கு எந்தக் கோளவுருவை, எந்தத் தொடக்கப் புள்ளியை வைத்து அளப்பது என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

இந்த அளவை முறையைப் பழமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. புலப்படத்தை விரித்துப் பாருங்கள். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். கல்லுக்குக் கல் ஜி லைன் போட்டு, புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, வளைந்த வரப்புகளுக்குக் குறுக்கே அளவு எடுத்திருப்பார்கள். இரண்டு கல் அகப்பட்டால் மூன்றாவது கல் இருந்த இடத்தைச் செயின் பிடித்தே கண்டுபிடிக்கலாம். பட்டாதாரரும் பக்கத்து நிலத்துக்காரரும் கூடவே நடந்து, எண்ணைப் பார்த்து, தகராறும் செய்யலாம். எளியவன் சரிபார்க்க முடிகிற அளவை என்பது சின்ன விஷயமில்லை.

இன்னொரு பலம் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. உலகம் முழுமைக்குமான ஆயத்தொலைவுச் சட்டகத்தில் ஒரு கல்லின் ஆயத்தொலைவை இன்று குறித்துவைத்தால், 20 ஆண்டில் அது ஒரு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். 50 மீட்டர் நீள வரப்பில் ஒரு மீட்டர் என்பது ஒரு சென்ட்டுக்கு மேல். புலப்படத்துக்கோ இது ஒரு பொருட்டே இல்லை; வயலும் கல்லும் சேர்ந்தே நகர்கின்றன.

குறை எங்கே என்றால், ஒவ்வொரு தாளும் தனித் தீவு. 1858-ல் தொடங்கிய சென்னை மாகாண வருவாய் அளவையில் கிராம எல்லையைத் தியோடலைட் வைத்துச் சுற்றி அளந்தார்கள் என்றாலும், உள்ளே இருந்த புலங்கள் செயினால் அளந்தவை. கிராமத்தின் தாள்களை வரிசையாக அடுக்கினால் சில இடத்தில் இடைவெளி விழும், சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கல்லும் நிலைப்பதில்லை. டிராக்டர் ஓட்டுகிறவருக்கு சர்வே கல் இடைஞ்சல். கண்மாய்க் கரையில் அது மண்ணுக்குள் புதைந்துவிடும். கல் போய்விட்ட ஊரில் அளப்பதற்குப் பிடிமானமே இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே எல்லை வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு போய் அளந்து அறிக்கை தருவதும், எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிப்பதும் வழக்கறிஞர்களுக்குப் பழகிய காட்சி.

அப்படியானால் ஆயத்தொலைவுக்கு மாறிவிடலாமே? அங்கேதான் சிக்கல். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் 1830-ம் ஆண்டு எவரெஸ்ட் கோளவுருவில் அமைந்தவை. ஜி.பி.எஸ். பேசுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகச் சட்டகத்தில். இரண்டின் நிலநடுக்கோட்டு ஆரங்களுக்கும் இடையே 800 மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஒன்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை மற்றொன்றில் அப்படியே வைத்துப் படித்தால், நம் பக்கத்தில் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். மேற்கே மலையடிவாரத்தில், 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டி மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு நூறு மீட்டர் என்பது முழுத் தோப்பு.

ஆஸ்திரேலியா இதைச் சட்டத்தாலேயே முடித்துவிட்டது. அங்கே தேசிய அளவீட்டுச் சட்டத்தின் கீழ் 2017-ல் வெளியான ஆணை, குறிப்பிட்ட நிலையங்களின் இருப்பிடத்தையே அளவுத் தரமாக அறிவித்தது. எந்த நாளைய நிலை என்பதையும், 2020-ம் ஆண்டுத் தொடக்கம் என்று அதிலேயே கட்டிவைத்தது. முந்தைய சட்டகத்துக்கும் அதற்கும் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் வேறுபாடு. நம்மிடம் 2009-ம் ஆண்டு எடையளவுச் சட்டம் இருக்கிறது. மீட்டர் என்றால் எவ்வளவு என்று அது சொல்லும். எங்கிருந்து என்று சொல்லாது. 2022-ன் தேசிய புவியிடக் கொள்கை புவிசார் அடிப்படைச் சட்டகத்தைப் புதிதாக வரையறுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது கொள்கை. கொள்கையைக் காட்டி வழக்கில் வரப்பை மீட்க முடியாது.

சட்டம் சும்மா இருக்க, நிர்வாகம் முன்னே போய்விட்டது. ஒவ்வொரு மனைக்கும் 14 இலக்க அடையாள எண் தரும் ஒன்றிய அரசின் திட்டம், மனையின் மூலைகளுடைய ஆயத்தொலைவுகளை வைத்தே அந்த எண்ணை உருவாக்குகிறது. அதற்காகப் புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துகிறார்கள். பொருந்தாத தாளைச் சற்றுத் திருப்பி, இழுத்து, சுருக்கிச் சரிக்கட்டுகிறது மென்பொருள். என் கடுமையான ஆட்சேபம் இங்கேதான். 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் எல்லையைத் தொட வேண்டுமென்றால் அறிவிப்பு, விசாரணை, மேல்முறையீடு எல்லாம் உண்டு. கணினியில் கோடு நகர்ந்தால் பட்டாதாரருக்குத் தெரியக்கூட வழியில்லை.

ஆயத்தொலைவு வேண்டாம் என்பதல்ல வாதம். காணாமல் போன கல்லை மீட்க அதைவிட நல்ல துணை இல்லை. செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெற்றுத் தொடர்ந்து இயங்கும் நிலையங்களோடு இணைத்தால் சில செ.மீ. துல்லியத்தில் இடத்தைக் காட்டிவிடும். எந்தச் சட்டகம், எந்த நாளைய நிலை, எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்று விதியில் எழுதட்டும். கல் நிற்கிற இடத்தில் கல்லுக்கே முதலிடம், கல் இல்லாத இடத்தில் ஆயத்தொலைவு என்று வரிசை வைக்கட்டும். பத்திரத்தில் எழுதிய நான்கு மாலும் (நாற்புற எல்லைகளும்) பரப்பும் முரண்பட்டால் பொதுவாக நான்கு மாலே வெல்லும் என்று நீதிமன்றங்கள் வரிசை வைத்திருப்பதுபோல. பொறுக்கத்தக்க பிழையைத் தாண்டி எந்தத் தாளின் கோட்டை நகர்த்தினாலும், அதை மறு அளவையாகவே கருதி, இரு பக்கத்து உடைமையாளருக்கும் அறிவிப்பு போக வேண்டும்.