கர்ணன் உயிரும் பகடைக் கணக்கும்

மெர்கோங்கிலோ சுங்கைப்பட்டாணியிலோ கைப்பேசியில் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கும் சிறுவன் ஒருவனை நிறுத்தி, வீரனது தலைக்கு மேல் தெரியும் அந்தக் கோடு யாதென்று கேட்டால், அது அவனுடைய உயிர் என்று தயங்காமல் விடை சொல்லுவான். அடி விழுந்தோறும் கோடு குறுகும். அற்றுப்போனால் வீரன் மாண்டான். ஆனால் உயிரென்பது முழம்போட்டு அளக்கத்தக்க பொருளோ? அங்கே அளக்கப்படுவது இரத்தமா, உடல் வலுவா, அதிர்ஷ்டமா? இப்படி மேலும் கேட்டால் பையன் மட்டுமன்று, அவ்விளையாட்டுகளை ஆக்கியோரும் திகைப்பர். கதை சொல்லும் கலையையே தொடுகின்ற இவ்வினாவை, விளையாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடுதல் தகாது.

இக்கோட்டின் மூலம் கைப்பேசியன்று, மேசையும் பகடையுமே. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர். வெற்றியும் தோல்வியும் பகடை விழும் வழி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘ஹிட் பாயிண்ட்’ என்று ஓர் எண் உண்டு. வாள் பட்டால் பகடையை உருட்டி, வந்த தொகையை அவ்வெண்ணிலிருந்து கழிப்பர். பூச்சியமானால் ஆள் விழுந்தான்.

இதற்கு முன்னோடியாக, கைகாக்ஸ் முதலானோர் 1971-இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. சிறு பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் அணிவகுத்து ஆடுவது அது. அதில் சாதாரணச் சிப்பாய் ஓர் அடியில் விழுவான். வீரன் என்று பெயர் பெற்றவன் நான்கு ஆட்களுக்கு ஈடு. அவனினும் பெரிய வீரன் எட்டு ஆட்களுக்கு ஈடு. நேயர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உயிர்க்கணக்கு முதன்முதல் தோன்றியபோது அது இரத்தத்தை அளக்கவில்லை, தைரியத்தையும் அளக்கவில்லை. ஆள்களையே எண்ணிற்று. ஒருவன் உயிருக்குள் மூவர் உயிரைச் சேர்த்து எழுதிய கணக்கு அது.

பின்னர் இவ்வெண் நான்கு எட்டு என்று நில்லாமல் எண்பது தொண்ணூறு என்று வளர்ந்தபோது, ஒரு மனிதன் இருபது வாள்வெட்டை உடலில் வாங்கிக்கொண்டு நிற்பானோ என்று ஆட்சேபங்கள் கிளம்பின. 1979-இல் தாம் எழுதிய நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்குச் சமாதானம் கூறினார். உடம்பு அவ்வளவு தாங்குமென்பது அபத்தம். எண்ணில் ஒரு சிறு பங்கே உடம்பு. மீதமெல்லாம் போர்ப்பழக்கம், ஆபத்தை முன்னறியும் உணர்வு, அதிர்ஷ்டம், தெய்வக் காப்பு என்பது அவர் வாதத்தின் சாரம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்போ உடலுறுதி, மனவுறுதி, வாழவேண்டுமென்னும் விருப்பம், அதிர்ஷ்டம் யாவற்றையும் ஒரே பானையிலிட்டுக் கிண்டி வைத்திருக்கிறது.

இச்சமாதானம் கேட்க இனிது, நிற்கமாட்டாது. அடி பட்டது என்பது மயிரிழையில் தப்பினான் என்று பொருள்படுமானால், விஷந்தோய்ந்த கத்தியின் விஷம் உடலுக்குள் நுழைந்தது எங்ஙனம்? அன்றியும், அவ்விளையாட்டில் சிறுகாயம் ஆற்றும் மந்திரம் ஒன்றுண்டு. ஐந்து புள்ளி உடைய கற்றுக்குட்டி சாகக் கிடந்தால் அது அவனை முழுதும் எழுப்பிவிடும். எண்பது புள்ளி உடைய வீரனுக்கோ அதே மந்திரம் ஒரு கீறலை ஆற்றியதற்கு மேல் ஒன்றும் செய்யாது. காயம் குறைந்தவனுக்கு மருந்து ஏன் அதிகம் வேண்டும்? அதிர்ஷ்டம் குறைந்தவனுக்குக் கட்டுப்போடுவாரும் உண்டோ?

கைகாக்ஸ் தடுமாறிய இவ்விடத்தில் நம் கதையொன்று தெளிவாக நிற்கிறது. அது கர்ணன் கதை. வில்லிபுத்தூரார் பாரதத்தில் படித்தோரும், கர்ண மோட்சக் கூத்தில் கண்டோரும், பந்துலு எடுத்து சிவாஜி கணேசன் நடித்த 1964-ஆம் ஆண்டுப் படத்தில் பார்த்தோரும் அதனை அறிவர். கர்ணனுக்குக் காப்புகள் இரண்டு. ஒன்று கவசகுண்டலம், அதை இந்திரன் முன்னமே இரந்து பெற்றுவிட்டான். மற்றொன்று அவன் செய்த தருமம். (விளையாட்டிலும் கவசத்துக்கு வேறு எண், உயிருக்கு வேறு எண் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.) பதினேழாம் நாட்போரில் அருச்சுனன் அம்புகள் அவன் உடலைத் துளைக்கின்றன, குருதி பெருகுகின்றது, உயிர் மட்டும் போகவில்லை. கண்ணன் முதிய அந்தணனாக வந்து அப்புண்ணியத்தை யாசிக்க, நீருக்குப் பதிலாகத் தன் புண்ணினின்று பெருகிய குருதியையே வார்த்துக் கர்ணன் கொடுத்துவிடுகிறான். அதன் பின்னரே அடுத்த அம்பு அவனைக் கொல்கிறது.

புண்ணியத்தை மூட்டை கட்டிக் கைமாற்ற முடியுமா என்று பகுத்தறிவாளர் நகைக்கலாம். அடிபட்டுக் கிடப்பவனிடம் வேடமிட்டு வந்து பறிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்றும் கேட்கலாம், நாமும் கேட்கிறோம். ஆயினும் கதைக்கணக்காக நோக்கின் இதைவிடச் செம்மையான கணக்கு வேறில்லை. காயம் பொய்யன்று, அம்பு பட்டது பட்டதுதான். சாவைத் தடுத்து நிற்பது மட்டும் உடம்பின் வேறான ஒன்று. கைகாக்ஸ் இவ்விரண்டையும் ஒரே எண்ணில் குழைத்தார்; ஆதலின் விஷத்துக்கு ஒரு விடையும் மருந்துக்கு ஒரு விடையும் சொல்ல வேண்டியவரானார்.

இனி, அக்கையிருப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பழைய டன்ஜன்ஸ் விளையாட்டில் பகைவரைக் கொன்றும் புதையலைக் கவர்ந்தும் அனுபவம் சேரும். அனுபவம் சேரச் சேர உயிர்ப்புள்ளி ஏறும். பிறர் உயிர் தன் உயிராகிறது. கர்ணனுக்கோ கொடுத்துக் கொடுத்துச் சேர்ந்தது அது. கொல்லன் உலையில் அதைக் குறைக்கும் ஆயுதம் இல்லை. அவனாகக் கொடுத்தாலொழிய அது குறையாது.

மற்றொரு குறையும் சொல்ல வேண்டும். இவ்விளையாட்டில் எண்பதில் எழுபத்தொன்பது போனவனும் முழுப் பலத்தோடு வாள் வீசுகிறான். கடைசி ஒன்றும் போனால் திடீரென்று சாய்கிறான். முன்னாளில் நம் தோட்டத்துச் செக்ரோலும் இப்படித்தான் இருந்தது. விடியுமுன் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடும்போது, ஆள் வந்தான், அல்லது வரவில்லை. இடைப்பட்ட நிலை எதுவும் ஏட்டில் இல்லை. காய்ச்சலோடு கத்தியெடுத்தவன் கை நடுங்கிப் பட்டையைத் தாண்டிச் சீவி மரத்தைப் புண்ணாக்கினால், தண்டலின் ஏச்சு அவனுக்குக் கிடைக்கும். காய்ச்சல் கணக்கில் ஏறாது. விழுவதற்கு முன்னே மனிதன் குறைகிறான் என்பதை மரம் வெட்டினவர் எவரும் அறிவர். 1977-இல் வந்த ‘டிராவலர்’ என்னும் விளையாட்டு இதை உணர்ந்தது. அதில் அடிபட்டால் வலிமையும் சுறுசுறுப்பும் தாங்குந்திறனுமே நேராகக் குறையும். 1978-இன் ‘ரூன்குவெஸ்ட்’, கை வேறு கால் வேறு என்று அங்கந்தோறும் கணக்கு வைத்ததோடு, அனுபவத்தால் உயிர்ப்புள்ளி மலைபோல் ஏறும் வழியையும் அடைத்தது. இவை இரண்டும் டன்ஜன்ஸ் அளவுக்குப் பரவவில்லை. இளைஞர் அறுபது வெட்டுக்குத் தப்புவதையே விரும்புகிறார்கள் போலும்.

கர்ணன் கதையும் குற்றமற்றதன்று. பதினெட்டு அக்குரோணிச் சேனையில் காலாள் ஒவ்வொருவனும் ஓரம்பில் விழுகிறான். அவன் தன் கஞ்சியில் பாதியை யாருக்கேனும் கொடுத்திருந்தால் அப்புண்ணியம் எத்தனை அம்பைத் தடுத்தது என்று கவி கேட்கவில்லை. கூத்துமேடையில் அவனுக்கு வேடமும் இல்லை. இனி எவரேனும் இவ்வகை விளையாட்டொன்றைத் தமிழில் அமைக்க முற்படின், காயத்துக்கு ஓர் ஏடும், சாவைத் தடுக்கும் கையிருப்புக்கு வேறோர் ஏடும் வைக்கட்டும். கையிருப்பு கொடுப்பதால் ஏறட்டும். காலாளின் பெயரை எழுதவும் அவ்வேட்டில் ஒரு வரி விட்டுவைக்கட்டும்.