கிளைபரின் ‘வௌவால்’: வேகத்தில் குறையில்லை

யோஹான் ஸ்ட்ராஸின் ‘டி ஃபிளேடர்மவுஸ்’ ஆப்பரெட்டாவின் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது வேகம்தான். இவர் விரட்டுகிறார், அவர் இழுக்கிறார் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. கார்லோஸ் கிளைபர் 1975இல் முனிச்சில் பவேரிய அரசு ஆப்பராவின் இசைக்குழுவோடு செய்த பதிவையும் ‘விரட்டல்’ என்று சொல்பவர்கள் உண்டு. பொறுமையாகக் கேட்டால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அந்தப் பதிவின் உயிரே காலப்பிரமாணத்தில்தான் இருக்கிறது. சறுக்கியிருப்பது குரல்களின் ஸ்தாயியில்.

வௌவால் வேடம் போட்ட ஒருவனை நண்பன் அவமானப்படுத்துகிறான். அவன் அதற்குப் பழிவாங்குகிறான். கதை அவ்வளவுதான். 1874 ஏப்ரல் 5 அன்று வியன்னாவின் ‘தியேட்டர் ஆன் டெர் வீன்’ அரங்கில் இது மேடையேறியது. முந்தைய மே மாதம்தான் அந்த ஊரின் பங்குச் சந்தை சரிந்து பலரைத் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தது. மேடையிலோ எல்லாரும் ஷாம்பெயின் குடிக்கிறார்கள், எல்லாரும் பொய் சொல்கிறார்கள். வாய் ஒன்றைச் சொல்ல, இசை இன்னொன்றைச் சொல்லும். வேகமாக வாசித்தால் மட்டும் அந்த இரட்டைத்தன்மை வந்துவிடாது.

முதல் அங்கத்தில் மூவர் பாடும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஐசன்ஸ்டைன் எட்டு நாள் சிறைக்குப் போக வேண்டும். ஆனால் அவன் கிளம்புவது விருந்துக்கு. மனைவி ரோசலின்டேவுக்குப் பழைய காதலன் வரப்போகிறான். வேலைக்காரி அடேலேவுக்கும் அதே விருந்தில் கண். மூவரும் பிரிவைத் தாங்க முடியாதவர்கள்போல் புலம்புகிறார்கள். புலம்பல் மைனரில் தொடங்குகிறது; நம் காதுக்கு நடபைரவி, கீரவாணி பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சற்று நேரத்தில் இசை மேஜருக்கு, அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்குத் தாவி, துள்ளும் போல்காவாகிவிடுகிறது. சொற்களில் துக்கம் தொடர்கிறது, கால்கள் ஆடத் தொடங்கிவிட்டன. வரப்போகும் துள்ளலை மைனர் பகுதியிலேயே கண்சிமிட்டிக் காட்டிக்கொடுத்தால் நகைச்சுவை செத்துப்போகும். கிளைபர் அந்தத் தப்பைச் செய்வதில்லை. அழுகையை அழுகையாகவே வாசிக்க வைக்கிறார். அதனால்தான் போல்கா வரும்போது சிரிப்பு தானாக வருகிறது.

வால்ட்ஸ் இதைவிட நுணுக்கமான விஷயம். தாளில் மூன்று அடிகளும் சமம். வியன்னாக்காரர்கள் இரண்டாவது அடியைக் கொஞ்சம் முன்னதாகவே போட்டுவிடுவார்கள். எவ்வளவு முன்னதாக என்பதை எந்த மெட்ரோனோமும் சொல்லாது. கேட்டுப் பழகிய கைக்குத்தான் தெரியும். 1970இல் ஸ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவோடு இந்த ஆப்பரெட்டாவின் முன்னிசைக்கு கிளைபர் ஒத்திகை நடத்தியது படமாக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிறு திருப்பத்துக்காகக் குழுவை நிறுத்தி, விளக்கி, மறுபடி வாசிக்கச் சொல்லும் மனிதரை அதில் பார்க்கலாம். முனிச் பதிவின் முன்னிசையில் அந்த உழைப்பு கேட்கிறது. ஏ மேஜரில் பாய்ந்து தொடங்கி, மணி ஆறு அடித்து, வால்ட்ஸுக்குள் நுழையும்போது வேகம் ஒரே சீராக ஓடுவதில்லை. இடத்துக்கு இடம் தயங்குகிறது, பிறகு பிடித்துக்கொள்கிறது. விரட்டல் என்பவர்கள் இந்தத் தயக்கங்களைக் கேட்கத் தவறியவர்கள்.

இனி குறைக்கு வருவோம். விருந்து கொடுக்கும் ரஷ்ய இளவரசன் ஓர்லோஃப்ஸ்கி. இளைஞன், பெரும் பணக்காரன், எதிலும் சலிப்பு. தன்னோடு சேர்ந்து குடிக்காதவன் தலையில் பாட்டிலை வீசுவேன் என்று பாடுபவன். ஸ்ட்ராஸ் இந்தப் பாத்திரத்தை ஆண் உடை தரித்த மெஸ்ஸோ சொப்ரானோவுக்கு எழுதினார். 1975 பதிவிலோ அதைப் பாடியவர் இவான் ரெப்ரோஃப். ஆழமான பாஸ் குரலுக்கும் ரஷ்ய நாட்டுப்பாடல்களுக்கும் பேர்போனவர். எழுதப்பட்ட உயரத்தை எட்ட அவர் முழுக்கக் கள்ளக்குரலில் பாடுகிறார். முதல் நிமிடம் வேடிக்கையாக இருக்கும். பிறகு பாத்திரம் மறைந்து, வித்தை மட்டும் மிஞ்சும். சலிப்பைக் காட்டச் சலனமில்லாத குரல் வேண்டும். கீச்சிடும் குரலில் சலிப்பு எப்படி வரும்? ஹெர்பர்ட் ஃபான் கரயான் 1955இல் லண்டனில் செய்த பதிவில் டெனரான ருடால்ஃப் கிறிஸ்டைப் பாடவைத்தார். அதுவும் எழுதியபடி இல்லை, ஆனாலும் அங்கே ஒரு மனிதனின் குரல் கேட்கிறது.

இன்னொரு குறையை அதிகம் பேர் பேசுவதில்லை. ஐசன்ஸ்டைன் டெனருக்கு எழுதிய பாத்திரம். கிளைபர் பதிவில் பாரிடோனான ஹெர்மன் பிரை பாடுகிறார். அவனைப் பழிவாங்கும் நண்பன் ஃபால்கே வேடத்தில் பெர்ண்ட் வைக்ல், அவரும் பாரிடோன். மேடையில் முகம் பார்த்து ஆளைப் பிரித்துவிடலாம். இசைத்தட்டில் காது மட்டும்தானே? இருவரும் சேர்ந்து விருந்துக்குத் திட்டம் போடும் பாட்டில் யார் தூண்டுகிறார், யார் மயங்குகிறார் என்பது மங்கிவிடுகிறது. கரயானின் 1955 பதிவில் நிகோலாய் கெடாவின் டெனர் எரிக் குன்ஸின் பாரிடோனுக்கு மேலே தெளிவாக மிதக்கும். இந்த ஒரு விஷயத்தில் பழைய மோனோ பதிவே மேல்.

பெண் குரல்களில் குறையே இல்லை. அடேலேயாக லூசியா போப் சிரிக்கும் சிரிப்பு ஒவ்வொரு ஸ்வரத்திலும் சுத்தம். ஹங்கேரியச் சீமாட்டி வேடம் போடும் ரோசலின்டேயின் சார்தாஷ், யூலியா வரடியிடம் வேடமாகவே தோன்றாது.

விருந்தின் களிப்பை வெளியிலிருந்து இறக்குமதி செய்த பதிவும் உண்டு. கரயான் 1960இல் டெக்கா நிறுவனத்துக்காக வியன்னாவில் செய்த பதிவில், விருந்துக் காட்சிக்குள் அன்றைய நட்சத்திரங்கள் வரிசையாக வந்து பாடினார்கள். பிர்கிட் நீல்ஸன் பிராட்வே பாட்டு, லியோன்டீன் பிரைஸ் ‘சம்மர்டைம்’ என்று. கேட்க இனிமைதான். ஆனால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. கிளைபரும் விருந்துக் காட்சியின் பாலேயை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார். அது ஸ்ட்ராஸின் சொந்த ‘இடியும் மின்னலும்’ போல்கா என்பதால் விருந்தின் சூடு ஆறவில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் 1975 பதிவிலிருந்தே தொடங்கலாம். ஓர்லோஃப்ஸ்கியின் பாட்டுக்கு மட்டும் 1986 டிசம்பர் 31 அன்று முனிச்சில் அதே கிளைபர் நடத்திய நிகழ்ச்சியின் ஒளிப்பதிவுக்குப் போங்கள். அதில் இளவரசன் பிரிகிட்டே ஃபாஸ்பேன்டர், மெஸ்ஸோ சொப்ரானோ.