சுரங்க ரயிலில் பிளேக்கா?

2015 பிப்ரவரியில் வெளியான நியூயார்க் சுரங்க ரயில் ஆய்வை இப்பத்தான் முழுசா படிச்சேன். ரயில் நிலையங்களில் துடைத்தெடுத்த மாதிரிகளின் டிஎன்ஏவை மொத்தமாக வாசித்தவர்கள், பிளேக், ஆந்த்ராக்ஸ் கிருமிகளின் துண்டுகள் கிடைத்ததாக எழுதினார்கள். நகரச் சுகாதாரத் துறை மறுத்தது. சில மாதங்களில் திருத்தம் வந்தது: வலுவான ஆதாரம் இல்லையாம்!

தப்பு எங்கே? மண்ணில் சாதாரணமாக இருக்கும் பேசில்லஸ் சீரியஸும் ஆந்த்ராக்ஸ் கிருமியும் நெருங்கிய சொந்தம். பெரும்பாலான மரபணுக்கள் பொது. கலவை மாதிரியில் கிடைப்பதோ சின்னத் துண்டுகள். கணினி தன் பட்டியலில் உள்ள பெயரைத்தான் சொல்லும். கிட்டத்தட்ட பாதி டிஎன்ஏ எந்தப் பெயரோடும் பொருந்தவில்லை என்று அதே கட்டுரை சொல்கிறது. தவிர, செத்த கிருமிக்கும் டிஎன்ஏ உண்டு.

முறையைக் குறை சொல்லலை. பயமுறுத்தும் பெயர் வந்தால், அந்தக் கிருமிக்கே உரிய மரபணுவைத் தேடி, வளர்த்தும் பார்த்துவிட்டு எழுதணும்.