தேயிலைக் காட்டின் அன்றாடம்

அடிமை வாழ்வைப் பொருளாகக் கொண்ட புனைவுகளை மதிப்பிடுவோர், அவற்றில் வரும் சாட்டையடிகளையும் சாவுகளையுமே பெரிதும் கணக்கிடுவர். ஆனால், அடிமைத்தனம் அடிவிழும் நொடியில் மட்டும் இருப்பதன்று. விடியலில் எழுவதுமுதல் இரவில் உறங்குவதுவரை தன் பொழுது தன்னுடையதாக இல்லாமையே அதன் சாரம். அந்த அன்றாடத்தைக் காட்டும் படைப்பே நிலைபெறும் எனலாம்.

திருவிதாங்கூரில் 1855-ஆம் ஆண்டு அரச ஆணையால் அடிமைமுறை நீங்கிற்று. அடுத்த பத்தாண்டுகளில் மலைச்சரிவுகளில் ஐரோப்பியரின் காப்பித் தோட்டங்கள் பெருகின. பின்னர்த் தேயிலை வந்தது. அகத்தியமலைச் சாரலின் போனக்காடும் அவ்வாறு உருவான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று. இத்தகைய தோட்டங்களில் மனிதரை விலைக்கு வாங்கும் வழக்கம் இல்லை. அதன் இடத்தை முன்பணம் பிடித்துக்கொண்டது. பிரித்தானிய இந்தியாவிலோ, முன்பணம் பெற்றுப் பணியைவிட்டு நீங்கியவரைச் சிறைக்கு அனுப்ப 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் வழிசெய்தது.

இவ்வாழ்வைத் தமிழ்ச் சிறுகதைக்குள் வலிமையுடன் கொணர்ந்தவர் புதுமைப்பித்தன். 1935-இல் வெளிவந்த ‘துன்பக்கேணி’, நெல்லைச் சீமையின் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டு நிறுத்துகிறது. ஊரில் சாதியும் வறுமையும் அழுத்திய உயிரைத் தோட்டம் வேறொரு கயிற்றால் கட்டுகிறது. இவ்விரு கட்டுகளையும் ஒருசேரக் காட்டியதே அக்கதையின் பெருமை.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், 1969-இல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்னும் புதினத்தை வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007-இல் அது ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறுகின்றனர்; உழைத்தும் கடன் தீர்ந்தபாடில்லை. குளிர், அட்டை, காய்ச்சல், கணக்கு என நாட்கள் நகர்கின்றன. கொடியவன் ஒருவனை அகற்றினாலும் அக்கணக்கு அகலாது என்பதை வாசகர் உணர்கிறார். இதுவே நூலின் வெற்றி.

எனினும், ஒரு குறையையும் சுட்டுதல் கடன். மருத்துவரின் கண் நோயை முதலில் காண்பது இயல்பே. அதனால், இம்மனிதர் துன்புறும் உடல்களாக நிறைந்து நிற்கும் அளவிற்கு, தமக்கென மீட்டுக்கொண்ட பொழுதுகளில் நிலைபெறவில்லை. லயத்து வாசலில் குழந்தைக்குத் தலைவாரும் தாய், கூடைச் சுமையினிடையே எழும் கேலி, மரத்தடியில் நட்ட ஊர்ச்சாமி ஆகியவையும் அவ்வாழ்வின் பகுதிகளே. இவற்றை விடுத்தால், முதலாளியின் பேரேடு மனிதரை ‘ஆள்’ என்று எண்ணியதையே இலக்கியமும் இரக்கத்தோடு வழிமொழிந்ததாகிவிடும்.

போனக்காட்டில் ஆலை இன்று பாழடைந்து நிற்கிறது. அந்த இடிபாட்டின் அழகில் மயங்குவோர் பலர். அதனைப் படைக்க வரும் எழுத்தாளர் லயத்தின் அடுப்படியிலிருந்து தொடங்குவாராக. அங்கு மூட்டிய தீ, யாருக்காக எந்நேரத்தில் எரிந்தது என்று சொல்லத் தெரிந்தால், அடிமைத்தனத்திற்கு வேறு விளக்கம் வேண்டா.