பாசி தின்ன ஒரு கடல் முள்ளெலி

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் கடல் முள்ளெலியை வாங்கி விடுபவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், அது பாசியைத் தின்னும் என்பது. அதில் பொய்யில்லை. அடிப்புறத்து வாயிலுள்ள ஐந்து பற்களால் பாறையைச் சுரண்டிக்கொண்டே நகரும் உயிர் அது; மீன்கள் சீண்டாத கெட்டிப் பாசியைக்கூட விட்டுவைக்காது. அந்த மேய்ச்சலின் அருமையைக் கரீபியன் கடல் காட்டிக் கொடுத்தது. 1983-84இல் அங்கே நீண்ட முள் கொண்ட டயடெமா இனம் நோய் கண்டு 90 சதவீதத்துக்கும் மேல் மடிந்தது. மேய ஆளில்லாத பவளத்திட்டுகள் பல இடங்களில் பாசிக்காடாயின. ஆகவே முள்ளெலியின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. உத்திரமேரூர் போன்ற உள்நாட்டு ஊரில், ஒரு சிறு கண்ணாடித் தொட்டியில், துப்புரவு வேலைக்கென்று அதை வாங்கி விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதல் சிக்கல் உப்பு. முள்ளெலி உள்ளிட்ட முட்தோலிகளுக்கு உடம்பின் உப்பைச் சீராக்கிக்கொள்ளும் வழி கிடையாது. வெளியே நீர் மாறினால் உள்ளேயும் மாறும். நூறு லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் மூன்றரை கிலோ உப்பு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் நீர் ஆவியானால் உப்பு அப்படியே நிற்கும். அளவு லிட்டருக்கு 37 கிராமை நெருங்கிவிடும். குறைந்ததை நிரப்ப உப்புநீரையே ஊற்றினால் இன்னும் 175 கிராம் சேர்கிறது. ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டி சூடாகாமலிருக்க மேலே மின்விசிறியைத் திருப்பி வைப்பது வழக்கம். அது நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. சூட்டைத் தணிக்கும் அதே காற்று உப்பை ஏற்றுகிறது. இரண்டையும் ஒருசேரச் சமாளிக்கச் சில்லர் வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் வேண்டும். கடையில் விலங்குக்குக் கொடுக்கும் விலை இந்தச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்க் கேனில் கடல்நீரே கொண்டுவரலாமே என்று கேட்கலாம். கோடையில் ஓரளவு சரிதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கரையோர நீரின் உப்பைக் குறைத்துவிடுகிறது. கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் பாலாறு கடலில் கலக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அளந்து பார்க்காமல் ஊற்றினால் விலங்குதான் அனுபவிக்கும். உப்புக்கலவைப் பாக்கெட்டைப் போர்த்தண்ணீரில் கரைப்பதும் தீர்வாகாது. அந்த நீரில் ஏற்கெனவே உள்ள உப்புகளும் நைட்ரேட்டும் கணக்கைக் கெடுக்கும். மீன் நோய்க்குப் போடும் தாமிர மருந்தோ முள்ளெலிக்கு நேரடி விஷம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், பாசி ஏன் வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அளவுக்கு மீறிய தீனி, அதில் சேரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், ஓயாத வெளிச்சம் ஆகியவையே காரணம். முள்ளெலி பாசியைத் தின்று கழிவாக அதே நீரில் திருப்பி விடுகிறது. சத்து தொட்டியை விட்டு வெளியேறவில்லை. அதே சமயம் சிறு தொட்டியின் பாசி சில வாரங்களில் தீர்ந்துபோகும். அதன்பின் பாறையில் படர்ந்த சுண்ணாம்பேறிய இளஞ்சிவப்புப் படலத்தைச் சுரண்டும். அதுவும் தீர்ந்தால் பட்டினி. முள் உதிர ஆரம்பிப்பதைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது, அதற்கும் தீனி போட்டிருக்க வேண்டுமென்று. ராமநாதபுரம் கரையில் கிடைக்கும் கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசியைக் கல்லில் கட்டிப் போட்டால் தின்னும். அப்படிப் போட வேண்டி வந்தபின் அது துப்புரவாளர் அல்ல, நாம் சோறு போட வேண்டிய வளர்ப்புயிர்.

கடலையே காணாத பிள்ளைகளுக்கு இது பெரிய பாடம் அல்லவா என்பது வலுவான எதிர்வாதம்; அதை மதிக்கிறேன். கவிழ்த்துப் போட்ட முள்ளெலி நூல்போன்ற குழாய்க்கால்களை நீட்டிக் கண்ணாடியைப் பற்றி, மெல்ல மெல்லத் தன்னை நிமிர்த்திக்கொள்வதையும், சில இனங்கள் சிப்பித் துண்டுகளைத் தலைமேல் சுமந்து திரிவதையும் எந்தப் பாடப்புத்தகப் படமும் காட்டாது. ஆனால் கடையில் விற்பவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. கோமாளி மீனை மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டிவிட்டது. அதனால் அந்த மீனைக் கடலில் கைவைக்காமல் வாங்க வழியிருக்கிறது. முள்ளெலிக் குஞ்சோ வாரக்கணக்கில் மிதந்து, நுண்பாசி தின்று, உருமாறித்தான் தரைக்கு வரும்; வீட்டுத் தொட்டியில் அது நடப்பதில்லை. எனவே செத்த ஒவ்வொன்றுக்கும் பதிலாக இன்னொன்றைக் கடலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆறு மாதமாவது நிலைத்து ஓடிய, இருநூறு லிட்டருக்குக் குறையாத தொட்டியும், உப்பளக்கும் கருவியும், ஆர்.ஓ. நீரும் உள்ளவர் ஒன்றே ஒன்றை வைத்துப் பார்க்கட்டும். மற்றவர்கள் தீனியைப் பாதியாகக் குறைத்து, விளக்கைச் சீக்கிரம் அணைத்து, பாசியைக் கையால் சுரண்டி வெளியே எடுக்கலாம். சத்து உண்மையிலேயே தொட்டியை விட்டுப் போவது அப்படித்தான்.