தழும்பை வாசிக்கும் முறை

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரெஞ்சு அரசுக்கு எழுதும் தஞ்ச மனுவோடு தொடங்குகிறது. முதலில் படித்தபோது அதை ஒரு உத்தி என்றே நினைத்தேன். நல்ல உத்தி, அவ்வளவுதான். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் சொன்ன ஒரு தீர்ப்பை வாசித்தபின் நாவலை மறுபடி எடுத்தேன். உத்தியே இல்லை அது. தஞ்சம் கேட்டு நிற்பவனுக்குத் தன் கதையைச் சொல்ல வேறு வடிவமே தரப்படவில்லை.

தீர்ப்பில் அவருக்குப் பெயர் கிடையாது, இரண்டு எழுத்துதான்: கே.வி. இலங்கைத் தமிழர். அரசுப் படையினரின் காவலில் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்கிறார். கையில் சுட்டபோது நினைவு இருந்தது, பிறகு மயங்கிவிட்டார், முதுகில் சுட்டது அப்போது. மருத்துவ அறிக்கையும் அதற்குப் பொருந்தியது. முதுகுத் தழும்பின் ஓரங்கள் துல்லியமாக இருந்தன. உடம்பு அசையாமல் கிடந்திருக்க வேண்டும். அந்தத் துல்லியத்தையே தீர்ப்பாயம் சந்தேகமாக்கியது. மயக்க மருந்து வாங்கிக்கொண்டு, இவரே ஆள் வைத்துச் சுடச் சொல்லியிருக்கலாமே? மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் பெரும்பான்மையாக அதை ஏற்றது.

எங்க பெரணமல்லூர்ப் பக்கம் பட்டுப்புடவையில் ஒரு இழை அறுந்திருந்தா கூலியில பிடிப்பாங்க. புடவையே நெய்யலைன்னு யாரும் சொல்றதில்ல.

உச்ச நீதிமன்றம் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டது: எத்தனை பேர் தங்களுக்கே இப்படிச் செய்துகொள்ளத் துணிவார்கள், அந்த அரிதை எடைபோட வேண்டாமா? கவனியுங்கள், கதை உண்மை என்று அது சொல்லவில்லை. மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அவர் பிரிட்டனுக்கு வந்தது 2011இல்.

இந்த இடத்தில்தான் ‘கொரில்லா’ முக்கியமாகிறது. அதன் அடிக்குறிப்புகள் சில இடங்களில் மூச்சு முட்டவைக்கும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மனு கேட்பது களங்கமில்லாத ஒரு பாதிக்கப்பட்டவனை. நாவல் காட்டுவதோ துவக்கு ஏந்திய பையனை, இயக்கத்திலும் அடிபட்டவனை. அவனை நீதிமன்றத்தில் நிறுத்தினால் முதல் கேள்வியிலேயே முரண்பாடு கண்டுபிடித்துவிடுவார்கள். முரண்பாட்டோடேயே ஒரு மனிதனை நம்பவைப்பது நாவலால் முடிகிறது. ஷோபாசக்தியே பிரான்சில் தஞ்சம் பெற்றவர். கேட்கிறவர் காது எதற்கு ஏங்குகிறது என்பது அவருக்குத் தெரியும்.

இந்தியாவில் இந்த வடிவமும் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை, தனிச் சட்டமும் கிடையாது. நிராகரிப்புக் கடிதம் வராது, ஏனென்றால் விண்ணப்பமே இல்லை. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை என்றது. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாவல் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்தில் வைக்க ஒரு மனுகூடக் கிடையாது. வருகைப் பதிவேட்டில் போடுகிற கையெழுத்துதான் இருக்கும்.